எம்ஜிபி காரின் கார்புரேட்டர் இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் திறந்த கூரை வகையும் ஜிடி என்ற மூடிய வகையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். அதன் 1798 சிசி ‘பி சீரிஸ்’ இன்ஜினுக்குப் பொருத்தமான சூப்பர்சார்ஜர் கிட்டுகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கிடைக்கின்றன. பெரும்பாலும் ஈட்டன் எம்45 வகை சூப்பர்சார்ஜர் ஒன்று, அதற்கு முன்னால் 1¾ அங்குல எஸ்யூ எச்ஐஎஃப்44 கார்புரேட்டர் ஒன்று என்ற அமைப்பு. கிட் வாங்க நினைப்பவர்களும், வாங்கிப் பெட்டியைத் திறந்து வைத்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

சூப்பர்சார்ஜர் என்னதான் செய்கிறது?

சாதாரண இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தன்னால் முடிந்த காற்றை இழுத்துக்கொள்கிறது. சூப்பர்சார்ஜர், கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் மூலம் சுழன்று, இன்ஜின் இழுப்பதைவிட அதிகமான கலவையை உள்ளே தள்ளுகிறது. எம்45 என்ற பெயரில் உள்ள 45, ஒரு சுற்றுக்கு அது நகர்த்தும் கன அங்குலம். சுமார் 737 சிசி. எம்ஜிபி இன்ஜின் நான்கு ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது அதிகபட்சம் 899 சிசிதான் உள்ளே போகும். கிராங்க் ஒருமுறை சுற்றும்போது சூப்பர்சார்ஜர் 1.8 முறை சுற்றுமாறு புல்லி அமைத்தால் அது தள்ளுவது 1,327 சிசி. இந்த மிச்சம்தான் மேனிஃபோல்டில், அதாவது கலவை இன்ஜினுக்குள் போகும் குழாயில், அழுத்தமாக மாறுகிறது. அதைத்தான் பூஸ்ட் என்கிறோம்.

பவர் எவ்வளவு கூடும்?

6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) பூஸ்ட் என்றால், வளிமண்டல அழுத்தமான 14.7 பிஎஸ்ஐயோடு சேர்த்துக் கணக்கிட, அழுத்தம் 1.41 மடங்கு. அப்படியே 41 சதவீதப் பவர் கூடிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றை அமுக்கினால் சூடேறும், சூடான காற்றின் அடர்த்தி குறையும். சூப்பர்சார்ஜரைச் சுழற்றவே 5,500 ஆர்பிஎம்மில் எட்டு குதிரைத்திறன் அளவுக்குப் போய்விடும். தொழிற்சாலைக் கணக்கில் 95 குதிரைத்திறன் உள்ள இன்ஜின், எல்லாம் சரியாக அமைந்தால், 125 பக்கம் வரும் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

அந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இழுவை. இந்த வகை சூப்பர்சார்ஜர் 2,000 ஆர்பிஎம்மிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும். மேட்டில் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டிய இடத்தில் நான்கிலேயே ஏறிப்போகும். எம்ஜிபி போன்ற காருக்கு அதுதான் பெரிய லாபம்.

பழைய காரில் இதைப் போடுவது அதன் பாரம்பரியத்தைக் கெடுப்பதாகாதா?

எம்ஜி நிறுவனமே 1933இல் கே3 என்ற 1087 சிசி காரை சூப்பர்சார்ஜருடன் பந்தயத்துக்கு அனுப்பியது. அந்த ஆண்டு வட அயர்லாந்தில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தை இத்தாலியப் பந்தய வீரர் நுவோலாரி வென்றது அந்தக் காரில்தான். 1950களில் ஷாராக், ஜட்சன் போன்றவர்கள் சாலைக் கார்களுக்கே கிட் விற்றார்கள். இந்த ஏற்பாடு காரின் பாரம்பரியத்துக்கு அந்நியமானதல்ல. கழற்றிய இரட்டைக் கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் பத்திரமாக எடுத்து வைத்தால், எப்போது வேண்டுமானாலும் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

கார்புரேட்டர் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்க வேண்டுமா, பின்னால் இருக்க வேண்டுமா?

இரண்டு முறையும் உண்டு. கார்புரேட்டர் முன்னால் இருந்தால், சூப்பர்சார்ஜர் அதன் வழியாகக் காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து இழுக்கும். பின்னால் இருந்தால், அமுக்கப்பட்ட காற்று கார்புரேட்டருக்குள் ஊதப்படும். 1957ஆம் ஆண்டின் ஸ்டூடிபேக்கர் கோல்டன் ஹாக், சூப்பர்சார்ஜர் பொருத்திய ஃபோர்டு தண்டர்பேர்டு ஆகிய அமெரிக்கக் கார்களில் இருந்தது இந்த ஊதும் முறை.

ஊதும் முறையில் கார்புரேட்டர் முழுவதும் அழுத்தத்துக்குள் இருக்கும். ஃப்ளோட் கிண்ணத்துக்கு மேலேயும் அதே அழுத்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் ஜெட்டை விட்டு வெளியே வரவே வராது. பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் பம்பின் அழுத்தமும் ஏற வேண்டும். எஸ்யூ மின்பம்பு தருவது சுமார் 3 பிஎஸ்ஐ மட்டும். எதிரே 6 பிஎஸ்ஐ நின்றால் அந்தப் பம்பு ஒரு சொட்டுகூடத் தள்ளாது. திராட்டில் தண்டின் இரு முனைகளிலும் கலவை கசியாமல் சீல் வேண்டும். உள்ளீடற்ற பித்தளை ஃப்ளோட் அழுத்தத்தில் நசுங்கலாம்.

இழுக்கும் முறையில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. கார்புரேட்டரைப் பொறுத்தவரை, வழக்கத்தைவிடப் பெரிய இன்ஜின் ஒன்று தன்னை இழுக்கிறது, அவ்வளவுதான். பழைய பம்பே போதும். பெட்ரோல் ஆவியாகும்போது சூப்பர்சார்ஜரையும் கொஞ்சம் குளிர்விக்கும். குறை ஒன்றே: கார்புரேட்டர் முதல் வால்வு வரை முழுப் பாதையிலும் எரியக்கூடிய கலவை நிரம்பியிருக்கும். அதற்கான பாதுகாப்பைக் கீழே பேக்ஃபயர் (சிலிண்டரின் தீ இன்டேக் பக்கம் திரும்பி வெடிப்பது) கேள்வியில் சொல்கிறேன். எம்ஜிபிக்கு என் தேர்வு இழுக்கும் முறைதான். இனி சொல்வதெல்லாம் அதை வைத்தே.

என் இன்ஜின் தாங்குமா?

நல்ல நிலையில் இருந்தால் 6 பிஎஸ்ஐயைத் தாங்கும். 1964 இறுதியிலிருந்து வந்த இன்ஜின்களில் கிராங்கைத் தாங்க ஐந்து மெயின் பேரிங்குகள் உண்டு. அதற்கு முந்தையவற்றில் மூன்றுதான். மூன்று பேரிங் இன்ஜின் என்றால் நான் கை வைக்க மாட்டேன். இப்போது அது அரிது, அப்படியே காக்க வேண்டியது.

கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கம்ப்ரெஷன் சோதனை செய்யுங்கள். இன்ஜின் சூடாக, திராட்டில் முழுதும் திறந்து, நான்கு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ காரணம். எதுவானாலும் முதலில் அந்த வேலையை முடிக்க வேண்டும்.

சிலிண்டர் ஹெட்டையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பி சீரிஸ் ஹெட்டில் நடு இரண்டு சிலிண்டர்களும் ஒரே எக்ஸாஸ்ட் வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டின் சூடும் அங்கே சேர்வதால் அந்தப் பகுதியில் விரிசல் விழுவதுண்டு. காரணமில்லாமல் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட்டை இறக்கி, விரிசல் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். ஹெட் கையில் இருக்கும்போதே ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான வால்வு சீட்டுகளையும் போட்டுவிடலாம். வால்வுகளைத் திறக்கும் கேம் மட்டும் பழையதே இருக்கட்டும். பந்தய கேமில் இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். தள்ளிய கலவை எக்ஸாஸ்ட் வழியே வீணாகப் போய்விடும்.

கம்ப்ரெஷன் விகிதமும் பெட்ரோலும்?

பிரிட்டனில் விற்ற பெரும்பாலான எம்ஜிபிக்களின் விகிதம் 8.8:1, அமெரிக்காவுக்குப் போன பிந்தைய கார்களில் 8.0:1. மாசுக் கட்டுப்பாட்டுக்காகக் குறைத்த அந்த 8.0, சூப்பர்சார்ஜருக்கு வசதியாக அமைந்துவிட்டது. 8.8 இன்ஜினிலும் 6 பிஎஸ்ஐ ஓட்டலாம், ஆனால் டைமிங்கில், அதாவது பிளக் பொறி விழும் நேரத்தில், கவனம் இரட்டிப்பாக வேண்டும். பிரிட்டனில் 97 ஆக்டேனுக்கு மேற்பட்ட சூப்பர் பெட்ரோலே போடுங்கள். 2021 முதல் அங்கே சாதாரண 95 பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் ஹோஸ்களை அது கெடுக்கும், கலவையையும் லீன் (பெட்ரோல் குறைவான) பக்கம் தள்ளும்.

கிட் பெட்டியில் வராதவை எவை?

கிட்டுக்குக் கிட் மாறும் என்றாலும், இவற்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பூஸ்ட் கேஜ், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்ட எக்ஸாஸ்டில் பொருத்தும் வைட்பேண்ட் லாம்டா சென்சாரும் அதன் கேஜும், ஒரு படி குளிர்ச்சியான பிளக்குகள் (என்ஜிகே பிபி6இஎஸ் இருந்த இடத்தில் பிபி7இஎஸ், இந்த நிறுவனத்தின் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி), புதிய பெட்ரோல் ஹோஸ், புதிய மேனிஃபோல்டு கேஸ்கெட். லாம்டா கேஜை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது இல்லாமல் பூஸ்டில் கலவை எப்படி இருக்கிறது என்று அறிய வழியே இல்லை. பணத் தட்டுப்பாடு என்றால் கிட் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், கேஜைத் தள்ளிப்போடாதீர்கள்.

பொருத்தும்போது அதிகம் தவறு நடக்கும் இடம் எது?

மேனிஃபோல்டு நட்டுகள். எம்ஜிபியில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டின் மேல் உட்காருகின்றன. நடுவில் உள்ள ஸ்டட்களில் தடித்த பெரிய வாஷர் ஒன்று, பாதி இன்டேக் விளிம்பையும் பாதி எக்ஸாஸ்ட் விளிம்பையும் சேர்த்து அழுத்தும். கிட்டோடு வரும் புதிய இன்டேக் விளிம்பின் கனமும் உங்கள் பழைய எக்ஸாஸ்ட் விளிம்பின் கனமும் ஒன்றாக இல்லாவிட்டால், வாஷர் ஒரு பக்கம் சாய்ந்து, தடித்த விளிம்பை மட்டும் பிடிக்கும். நட் இறுகிய மாதிரியே கைக்குத் தெரியும். மற்ற விளிம்பு தளர்வாக நிற்கும்.

இரண்டு விளிம்பையும் வெர்னியரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் லேத்தில் கொடுத்து, வாஷரின் ஒரு பாதியை அந்த அளவுக்குப் படியாகக் குறைத்து வாங்குங்கள். இன்டேக் தளர்ந்தால் ஐட்லிங்கில் காற்று உள்ளே புகுந்து மிஸ்ஸிங் வரும். பூஸ்டில் கலவை வெளியே கசியும். கசிவது பெட்ரோல் கலந்த காற்று, ஒரு விரல் தூரத்தில் கொதிக்கும் எக்ஸாஸ்ட். தீ விபத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் ஆறிய பிறகு இந்த நட்டுகளை மறுபடி பார்த்து இறுக்குவது கட்டாயம்.

பெல்ட், புல்லி?

கிராங்க் புல்லியும் சூப்பர்சார்ஜர் புல்லியும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். நேரான இரும்புப் பட்டை ஒன்றை இரண்டின் முகத்திலும் வைத்துப் பாருங்கள். விலகல் இருந்தால் பெல்ட் ஓரம் நூல் நூலாகப் பிரியும். பெல்ட் தளர்ந்திருப்பதைக் கேஜிலேயே கண்டுபிடிக்கலாம்: 3,500 ஆர்பிஎம் வரை பூஸ்ட் ஏறி, அதற்கு மேல் ரேஸ் கொடுக்கும்போது ஏறாமல் இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது. அதற்காக அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் போகும்.

பழைய குழாய்களில் எதை மாற்ற வேண்டும்?

மேனிஃபோல்டில் இதுவரை வெற்றிடம் மட்டுமே இருந்தது. இனி அழுத்தமும் வரும். பிரேக் சர்வோ இருந்தால், அதற்குப் போகும் குழாயின் ஒருவழி வால்வு இந்த அழுத்தத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். மேனிஃபோல்டு பக்க முனையில் வாயால் ஊதிப் பாருங்கள், காற்று போனால் மாற்றிவிடுங்கள். பிரேக் விஷயம், பழையதே போதும் என்று இருக்காதீர்கள்.

1960களின் நடுவில் வந்த கார்களில், கிராங்க்கேஸ் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் வட்ட வால்வு ஒன்று உண்டு. அதை அப்படியே விட்டால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் ஊதி, ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். அந்த இணைப்பை அடைத்து, ஆவிக் குழாயைக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள சிறு குழாய்க்குக் கொண்டுபோங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிடக் குழாயும் அப்படியே. கார்புரேட்டரிலிருந்துதான் எடுக்க வேண்டும், சூப்பர்சார்ஜருக்குப் பின்னால் இருந்து அல்ல.

கார்புரேட்டரை எப்படி டியூன் செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமான பதில் தேவை. சூப்பர்சார்ஜர் போட்டு இன்ஜின் போனது என்று கேள்விப்பட்டால், பெரும்பாலும் காரணம் பூஸ்ட் அல்ல. பூஸ்டில் பெட்ரோல் போதாமல் ஓடியதும் டைமிங்கைக் குறைக்காததும்தான்.

எஸ்யூ கார்புரேட்டரில், காற்றின் அளவுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலே ஏறும். அதன் அடியில் தொங்கும் கூம்பான நீடில், ஜெட்டுக்குள் இருந்து வெளியே இழுபடும். நீடில் மெலிந்த இடம் ஜெட்டில் நிற்கும்போது அதிகப் பெட்ரோல் வரும். பக்கவாட்டில் உள்ள மிக்சர் திருகு ஜெட்டை ஏற்றி இறக்குகிறது. எச்ஐஎஃப் வகையில் வலப்பக்கம் திருகினால் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும். ஐட்லிங்கில் அந்தத் திருகின் பேச்சு எடுபடும். முழு பூஸ்டில் பெட்ரோலைத் தீர்மானிப்பது நீடிலின் நுனிப்பகுதி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதே. எனவே ஐட்லிங்கில் அருமையாக ஓடும் கார், முழு மிதியில் ஆபத்தான லீனில் இருக்கலாம். திருகை வைத்து அதைச் சரிசெய்ய முடியாது, நீடிலை மாற்ற வேண்டும். எஸ்யூ நீடில்களின் தடிமன் ஒவ்வொரு எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் அட்டவணையாகக் கிடைக்கிறது. எந்த இடத்தில் லீன் ஆகிறது என்று கேஜ் காட்டினால், அந்த இடத்தில் மெலிந்த நீடிலை அட்டவணையில் தேடலாம்.

இலக்கு இதுதான்: முழு பூஸ்டில் லாம்டா 0.82 முதல் 0.85 வரை, அதாவது சுத்தமான பெட்ரோலுக்கு 12 முதல் 12.5:1. நிதானமாகப் போகும்போது 14க்கு மேல் இருக்கலாம். கிட்டோடு வரும் நீடில் நல்ல தொடக்கம், ஆனால் உங்கள் எக்ஸாஸ்டும் ஏர்ஃபில்டரும் வேறாக இருக்கலாம். அதனால் முதல் நாளே முழுதாக மிதிக்காதீர்கள். 2 பிஎஸ்ஐ வரை போய்க் கேஜைப் பாருங்கள், சரி என்றால் 4, அப்புறம் 6. கூட ஒருவர் உட்கார்ந்து கேஜைப் படித்தால் உங்கள் கண் சாலையில் இருக்கும்.

திடீரென மிதிக்கும்போது மட்டும் கார் திணறினால், முதலில் மேல் மூடியைத் திறந்து, பிஸ்டனின் வேகத்தை அடக்கும் டாம்பரில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். 20 கிரேடு ஆயில் போதும்.

மிக்சர் வேலைக்கு முன் பம்பையும் சோதியுங்கள். கார்புரேட்டர் முனைக் குழாயைக் கழற்றி ஒரு கேனில் விட்டால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வர வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கட்டும், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

டைமிங்கை எவ்வளவு குறைக்க வேண்டும்?

சாதாரண எம்ஜிபியில் மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் பொறி விழுகிறது என்பது), வெற்றிட அட்வான்ஸைச் சேர்க்காமல், 32 டிகிரி பக்கம் இருக்கும். ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி முதல் ஒன்றரை டிகிரி வரை குறைப்பது வழக்கம். 6 பிஎஸ்ஐக்கு 6 முதல் 9 டிகிரி போனால், மொத்தம் 23 முதல் 26. டிஸ்ட்ரிபியூட்டரை வெறுமனே திருப்பிக் குறைத்தால் ஐட்லிங் டைமிங்கும் அதே அளவு இறங்கிவிடும். பூஸ்ட் இல்லாத நேரத்தில் கார் மந்தமாகி, எக்ஸாஸ்ட் சூடேறும். உள்ளே உள்ள எடைகளின் ஓட்டத்தைக் குறைத்து மறுபடி அமைக்கலாம், அல்லது மேனிஃபோல்டு அழுத்தத்தைப் படித்துத் தானே அட்வான்ஸை மாற்றிக்கொள்ளும் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் போடலாம். செலவு பார்க்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். பூஸ்ட் வரும்போது மட்டும் குறைத்து, மற்ற நேரத்தில் முழு டைமிங்கையும் தருவதால் மைலேஜும் காக்கப்படும்.

நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) சத்தம் கேட்கவில்லை என்றால் கவலை இல்லைதானே?

அப்படி நம்பக் கூடாது. சூப்பர்சார்ஜரின் கூவலும் திறந்த காரின் காற்றுச் சத்தமும் மெல்லிய நாக்கிங்கை மறைத்துவிடும். ஒரு முழு இழுப்புக்குப் பின் இன்ஜினை நிறுத்தி, ஆறியதும் பிளக்கைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுத் தூளைத் தூவியது போல் நுண்ணிய புள்ளிகளோ, மினுக்கும் துகள்களோ தெரிந்தால், அந்த மினுக்கம் பிஸ்டனின் அலுமினியம். அந்த நிமிடமே டைமிங்கைக் குறைத்து, கலவையை ரிச் ஆக்கிய பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும். அலட்சியம் செய்தால் அடுத்து உடைவது ரிங் பள்ளங்களுக்கு இடையே உள்ள மெல்லிய பகுதி.

பேக்ஃபயர் ஆனால்?

மேனிஃபோல்டு முழுக்கக் கலவை இருப்பதால், ஒரு பேக்ஃபயர் சூப்பர்சார்ஜரையே பிளக்கும் வலு கொண்டது. அதற்காக மேனிஃபோல்டில் ஸ்பிரிங் வைத்த பாதுகாப்பு வால்வு வேண்டும். கிட்டில் அது இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். பேக்ஃபயருக்கு முதல் காரணம் லீன் கலவை, அடுத்தது பழைய பிளக் வயர்களும் விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும். பிளக் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கு மேல் வைக்காதீர்கள். அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கடினம்.

இன்டர்கூலர் வேண்டுமா?

வேண்டாம். 30 டிகிரிக் காற்று 6 பிஎஸ்ஐக்கு அமுக்கப்பட்டால் 85 டிகிரி பக்கம் போகும். ஆவியாகும் பெட்ரோல் அதில் ஒரு பகுதியைக் குறைக்கும். இழுக்கும் முறையில் இன்டர்கூலர் போட்டால் பெட்ரோல் அதன் உள்ளேயே மறுபடி திரவமாகித் தேங்கும்.

சின்னப் புல்லி போட்டு 10 பிஎஸ்ஐ ஆக்கலாமா?

அதற்கு ஃபோர்ஜ்டு பிஸ்டனும் குறைந்த கம்ப்ரெஷனும் வேண்டும், அது வேறு இன்ஜின். பழைய வார்ப்புப் பிஸ்டனோடு 6 பிஎஸ்ஐயில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளட்ச், கியர்பாக்ஸ்?

நல்ல நிலையில் உள்ள கிளட்ச் தாங்கும், பாதி தேய்ந்தது வழுக்கும். நான்கு கியருக்கும் சிங்க்ரோ உள்ள 1967க்குப் பிந்தைய கியர்பாக்ஸ் பயமின்றி ஓட்டலாம்.

அம்பாசடரில் போடலாமா?

நியாயமான கேள்விதான். பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே பி சீரிஸ் குடும்பம். அதே 1489 சிசி எம்ஜிஏவிலும் இருந்தது. ஆனால் அதில் மூன்று மெயின் பேரிங், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எம்ஜிபியின் கிட் நேராகப் பொருந்தவும் செய்யாது. இந்தியாவில் சாதாரண பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனாலும் சேர்ந்து வருகிறது. அந்த இன்ஜினைச் சுத்தமாக ஓவர்ஹால் செய்து, உள்ளபடியே ஓட்டுவதைத்தான் பரிந்துரைப்பேன்.

சட்டம், இன்சூரன்ஸ்?

பிரிட்டனில் இந்த மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விபத்தின்போது இழப்பீடு கிடைக்காமல் போகலாம். இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பொருத்திய பிறகு எதை, எப்போது பார்ப்பது?

முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் மேனிஃபோல்டு நட், பெல்ட் இறுக்கம், பெட்ரோல் இணைப்புகள். 300 கிலோமீட்டரில் மறுபடியும் அவையே, கூடவே நான்கு பிளக்கும். ஹெட்டை இறக்கி ஏற்றியிருந்தால் 800 கிலோமீட்டரில் ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். சூப்பர்சார்ஜரின் முன்பக்கப் பற்சக்கரங்களுக்குத் தனி ஆயில் உண்டு. அதில் இன்ஜின் ஆயிலை ஊற்றக் கூடாது.